சிங்கப்பூர் வீட்டு கிச்சன்ல ஆப்பிள் பட்டை லோஃப்: முதல் தடவை பேக் பண்றவங்களுக்கு

ஆப்பிள் பட்டை லோஃப், அதாவது ஆப்பிளும் லவங்கப்பட்டையும் போட்டு நீள டின்ல சுடுற கேக், ரொம்ப ஈஸின்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மைதான், ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்குற வரைக்கும் காத்திருக்க வேணாம், பீட்டர் மெஷின் கூட தேவையில்ல, ஒரு பெரிய பாத்திரமும் ஒரு விஸ்க்கும் ஒரு ஸ்பேட்டுலாவும் இருந்தா போதும். ஆனா புதுசா செய்றவங்க சொல்ற புகார் எப்பவும் ஒன்னேதான்: வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போகுது, மேல சூப்பரா செவந்திருக்கு, வெட்டிப் பாத்தா நடுவுல களி.

அதுக்குக் காரணம் உங்க கைராசி இல்ல, தண்ணி. ஆப்பிள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்கு தண்ணிதான், அது வேகும்போது வெளிய வரும், வந்து மாவுக்குள்ளயே உக்காந்துக்கும். இதுல நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரம் வேற, 30 டிகிரிக்கு மேல இருக்குற கிச்சன் வேற. நெட்ல கிடைக்கிற ரெசிப்பி நிறைய குளிர் நாட்டுல எழுதினது, அவங்க "ரூம் டெம்பரேச்சர் பட்டர்"னு சொன்னா 18, 20 டிகிரியில இருக்குற பட்டர், நம்ம வீட்டுல வெளிய எடுத்து வச்ச பட்டர் கொஞ்ச நேரத்துலயே பளபளன்னு எண்ணெய் விட ஆரம்பிச்சுடும், அதை சர்க்கரையோட எவ்வளவு அடிச்சாலும் காத்து நிக்காது. அதனால நான் சொல்லப்போற லோஃப்ல பட்டரே கிடையாது, எண்ணெய்தான். இன்னொரு லாபமும் இருக்கு, இங்க இதை ஃப்ரிட்ஜ்ல வைக்காம இருக்க முடியாது, பட்டர் கேக் ஃப்ரிட்ஜ்ல கல்லா இறுகும், எண்ணெய் கேக் இறுகாது.

முதல்ல ஓவன்

வீவக வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி வீடு) பெரும்பாலும் ஓவன் கட்டியே வராது, கவுன்டர் மேல வைக்கிற சின்ன ஓவன்தான் நம்ம கிட்ட இருக்கும். 20 லிட்டருக்கு மேல எதுவா இருந்தாலும் போதும். வாங்குறதுக்கு முன்னாடி லோஃப் டின் உள்ள போனா சுத்தி ரெண்டு மூணு விரல்கடை இடம் மிச்சம் இருக்குமான்னு மட்டும் பாருங்க, ஏன்னா சூடு சுத்தி வரணும். சின்ன ஓவன்ல மேல்கம்பி ரொம்ப கிட்ட இருக்கும், மேல கருகி உள்ள வேகாம போறதுக்கு அது ஒரு காரணம், அதனால கீழ் தட்டுல வைங்க. மேல் சூடு கீழ் சூடு ரெண்டும் ஆன் பண்ற செட்டிங் போடுங்க, கிரில் போட்டுடாதீங்க.

டயல்ல 170ன்னு திருப்பினா உள்ள 170 இருக்கும்னு நம்பவே நம்பாதீங்க. இருபது டிகிரி அப்படி இப்படி இருக்கிறது சின்ன ஓவன்ல சாதாரணம். ஓவன் தெர்மாமீட்டர்னு ஒரு சின்ன வட்ட மீட்டர் பேக்கிங் கடையில கிடைக்கும், தட்டுல தொங்க விட்டுடலாம். பேக்கிங்குக்குன்னு ஒரே ஒரு பொருள் எக்ஸ்ட்ரா வாங்கணும்னா நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன், அழகழகான மோல்டு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். (தராசு இல்லன்னா தராசு முதல்ல. கப் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்க கப் 240 மில்லி, ஆஸ்திரேலியா கப் 250 மில்லி, மாவை அழுத்தி அள்ளினா ஒரு எடை, தூவி அள்ளினா இன்னொரு எடை.)

ஓவனை நேரா சுவத்து பிளக்ல போடுங்க, எக்ஸ்டென்ஷன்ல கெட்டில், ரைஸ் குக்கரோட சேத்துப் போடாதீங்க. ரூம் வாடகைக்கு இருக்குறவங்க இன்னொன்னு கவனிக்கணும், "லைட் குக்கிங்" மட்டும்னு பேசி வந்திருப்பீங்க, ஒரு மணி நேரம் ஓவன் ஓடுறது அதுல சேருமான்னு வீட்டுக்கார அக்கா கிட்ட முதல்லயே கேட்டுடுங்க, கரண்ட் பில் வந்தப்புறம் மூஞ்சி சுருங்குறதை விட அது மேல்.

சாமான்

21க்கு 11 சென்டிமீட்டர் டின்னுக்கு கணக்கு இது, கடையில 2 பவுண்டு லோஃப் டின்னு கேட்டா ஏறக்குறைய இந்த சைஸ்தான் தருவாங்க.

மைதா 200 கிராம்
பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன்
பேக்கிங் சோடா கால் டீஸ்பூன்
பட்டைத்தூள் 2 டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை
உப்பு அரை டீஸ்பூன்
முட்டை 2
பிரவுன் சுகர் 140 கிராம்
வாசம் இல்லாத எண்ணெய் 110 மில்லி
கெட்டித் தயிர் 80 கிராம்
வெனிலா 1 டீஸ்பூன்
பச்சை ஆப்பிள் 2, தோலும் நடுக்கட்டையும் போக 250 கிராம்
மேல தூவ டெமராரா சர்க்கரை (பெரிய பரலா இருக்குற பிரவுன் சர்க்கரை) 1 டேபிள்ஸ்பூன், கூட கால் டீஸ்பூன் பட்டைத்தூள்

மைதான்னா பாக்கெட்ல பிளெய்ன் ஃப்ளார்னு போட்டிருக்கும். பக்கத்துலயே செல்ஃப் ரைசிங் ஃப்ளார் இருக்கும், அதுல பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கு, அவசரத்துல அதை எடுத்துட்டு வந்தா லோஃப் பொங்கி வழிஞ்சு அப்புறம் நடுவுல பள்ளம் விழும். ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் எங்க போனாலும் இது எல்லாமே கிடைச்சுடும். டின், பேக்கிங் பேப்பர், டெமராரா மாதிரி ஐட்டம் ஒரே இடத்துல வேணும்னா பூன் ஹுவாட் கடைக்குப் போங்க, 1947லேருந்து இருக்குற கடை, அவங்களோட ரெட்மேன் பிராண்டுல பேக்கிங் சாமான் ஏறக்குறைய எல்லாமே இருக்கும்.

மைதா பாக்கெட்டை பிரிச்சா மிச்சத்தை டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. இந்த ஊர்ல வெளிய வச்சா கட்டியாகும், வண்டு வரும். பேக்கிங் பவுடரும் அப்படித்தான், மூடி சரியா மூடலன்னா காத்துல இருக்குற ஈரம் பட்டு டப்பாவுக்குள்ளயே செத்துடும், தேதி இன்னும் முடியலன்னாலும். டவுட்டா இருந்தா அரை ஸ்பூன் எடுத்து சுடுதண்ணியில போடுங்க, புசுபுசுன்னு நுரைச்சா உயிரோட இருக்கு, சும்மா கரைஞ்சு போச்சுன்னா குப்பையில போட்டுட்டு புதுசு வாங்குங்க. சோடாவுக்கு இதே டெஸ்ட், தண்ணிக்கு பதிலா வினிகர்.

வெனிலா எசன்ஸ் சிலதுல ஆல்கஹால் இருக்கும். முஸ்லிம் வீட்டுக்கும் குடுக்கிற ஐடியா இருந்தா ஹலால் முத்திரை இருக்குறதா பாத்து வாங்குங்க.

பிரவுன் சுகருக்கு பதிலா குலா மலாக்கா, அதான் தென்னை வெல்லம், போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், ரொம்ப நல்லா இருக்கும், ஆனா பாதிக்குப் பாதி போதும், முழுசும் போட்டா பட்டை வாசமே தெரியாம போயிடும். பொடிப்பொடியா சீவிப் போடுங்க, தண்ணி ஊத்திக் காய்ச்சி ஊத்தாதீங்க, எங்கேருந்தும் எக்ஸ்ட்ரா தண்ணி வரக்கூடாதுங்கிறதுதான் நம்ம பிழைப்பே.

ஆப்பிள்

எல்லா ஆப்பிளும் ஒன்னு கிடையாது. இங்க விக்கிறது எல்லாமே வெளிநாட்டுலேருந்து வர்றது, அதனால வருஷம் பூரா நிறைய ரகம் கிடைக்கும், நமக்கு அது ஒரு வசதி. பேக்கிங்குக்கு கிரானி ஸ்மித்தான் என் சாய்ஸ், அந்த பச்சை ஆப்பிள், ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் 1868 வாக்குல மரியா ஆன் ஸ்மித்னு ஒரு பாட்டியம்மா தோட்டத்துல தானா முளைச்ச செடியிலேருந்து வந்த ரகம். கெட்டியா இருக்கும், வெந்தாலும் துண்டு துண்டா நிக்கும், புளிப்பு இருக்கறதால சர்க்கரை திகட்டாது. பச்சை கிடைக்கலன்னா பிங்க் லேடி. ஃபூஜியும் காலாவும் சும்மா கடிச்சு சாப்பிட நல்லா இருக்கும், லோஃப்ல போட்டா இனிப்பு மேல இனிப்பு, வேற வழி இல்லன்னா சர்க்கரையை 20 கிராம் குறைச்சுக்குங்க. அந்த கருஞ்சிவப்பு ரெட் டெலிஷியஸ் மட்டும் வேண்டாம், வெந்ததும் கூழாயிடும். சாமி படத்துக்கு முன்னாடி வச்ச ஆப்பிள் நாலு நாளா இருக்கு, வீணாக்க வேணாம்னு அதைப் போடலாமான்னா போடலாம், ஆனா மாவு மாவா ஆகிப்போன ஆப்பிளா இருந்தா ஜூஸ் போட்டுக் குடிச்சிடுங்க.

எப்படி வெட்டுறதுங்கிறதுல ரெண்டு கட்சி இருக்கு, துருவுறவங்க ஒரு பக்கம், துண்டு போடுறவங்க ஒரு பக்கம். நான் துண்டு கட்சி. துருவினா செல் எல்லாம் உடைஞ்சு தண்ணி அப்பவே கொட்டும், அதைப் பிழிஞ்சா ருசியும் போச்சு, பிழியலன்னா களிதான். ஒரு சென்டிமீட்டர் சதுரமா வெட்டுங்க, அதை விட பெருசா போனா ஆப்பிளைச் சுத்தி ஈரக் குழி விழும். தோலை எடுத்துடுங்க, வெந்த தோல் பல்லுல மாட்டும்.

நிறைய ரெசிப்பியில ஆப்பிளை வெட்டி சர்க்கரையும் பட்டையும் போட்டுப் பிரட்டி அரை மணி நேரம் ஊற வைங்கன்னு சொல்வாங்க. ஆப்பிள் பைங்கிற (pie) பண்டத்துக்கு அது சரி, வர்ற தண்ணியை வடிச்சுடுவாங்க. லோஃபுக்கு பண்ணாதீங்க, சர்க்கரை பட்டதும் ஆப்பிள் தண்ணி விடும், அந்தத் தண்ணி நேரா உங்க மாவுக்குள்ள போகும். வெட்டுறதை கடைசிக்கு வைங்க. கருத்துப் போகுமேன்னு எலுமிச்சை பிழிய வேணாம், பட்டைத்தூள் போட்டா எப்படியும் எல்லாமே பிரவுன்தான்.

பட்டை

பட்டை ரெண்டு வகை. பிரியாணிக்குப் போடுற தடிமனான கெட்டிப் பட்டை பெரும்பாலும் காசியாங்கிற வகை, காரமும் வாசமும் ஜாஸ்தி. இலங்கைப் பட்டை மெல்லிசா பல அடுக்கா சுருண்டிருக்கும், கையால உடைச்சாலே நொறுங்கும், வாசம் மென்மை. காசியாவுல கூமரின்னு ஒரு பொருள் அதிகம், தினமும் ஸ்பூன் கணக்குல சாப்பிடுறவங்க ஈரலுக்காக இலங்கைப் பட்டைக்கு மாறிக்கிறது நல்லது, எப்பவாவது ஒரு ஸ்லைஸ் சாப்பிடுறதுக்கு ரெண்டும் ஓகே. லோஃப்ல பட்டை நல்லா தூக்கலா தெரியணும்னா காசியாவே போடுங்க.

தேக்கா மார்க்கெட்லயோ முஸ்தபா கடையிலயோ முழுப் பட்டை வாங்கி மிக்ஸி சின்ன ஜார்ல அரைச்சா பாக்கெட் தூளை விட வாசம் பல மடங்கு இருக்கும், ஆனா டீ வடிகட்டியில சலிக்காம போடாதீங்க, மரத்தூள் மாதிரி நறநறன்னு நாக்குல நிக்கும். ஏலக்காய் சேக்கணும்னு கை துறுதுறுக்கும், எனக்கும் ஏலக்காய் உயிர்தான், இதுல வேணாம், ஆப்பிளை அமுக்கிடும்.

செய்முறை

ஓவனை 170 டிகிரிக்கு போட்டுட்டு ஆரம்பிங்க, விசிறி ஓடுற மோடுன்னா 155, 160. ரெடி லைட் அணைஞ்சதும் உள்ள வச்சுடாம மொத்தமா ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் சூடாக விடுங்க. டின்ல எண்ணெய் தடவி பேக்கிங் பேப்பர் ஒரே துண்டா நீள பக்கம் ரெண்டுலயும் வெளிய தொங்குற மாதிரி போடுங்க, அப்புறம் அதைப் பிடிச்சே லோஃபைத் தூக்கிடலாம். தொங்குற பேப்பர் ரொம்ப நீளமா இருந்து கம்பியில படாம கத்தரிச்சுடுங்க.

ஒரு பாத்திரத்துல மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஜாதிக்காய், ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள் எல்லாத்தையும் சலிச்சுடுங்க. சலிக்கிறது இங்க ஃபார்மாலிட்டி இல்ல, ஈரத்துல சோடா குட்டிக் குட்டி கட்டியா இருக்கும், அது அப்படியே போனா ஒரு வாய்ல சோப்பு கசப்பு வரும். இதுலேருந்து ஒரு டேபிள்ஸ்பூன் மாவை மட்டும் தனியா எடுத்து வைங்க.

பெரிய பாத்திரத்துல முட்டை, பிரவுன் சுகர் போட்டு விஸ்க்கால ரெண்டு நிமிஷம் அடிங்க, நிறம் கொஞ்சம் வெளுத்து நுரை கட்டணும், அப்புறம் எண்ணெயை ஒரே ஊத்தா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே அடிங்க, மொத்தமும் பளபளன்னு ஒன்னா சேரும். தயிரும் வெனிலாவும் சேருங்க. தயிர் கெட்டியா இருக்கணும், டப்பாவுல மேல தண்ணி நின்னா அதை ஊத்திட்டு அளங்க, இல்லன்னா கிரீக் யோகர்ட் வாங்கிடுங்க, தயிர் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கும், அதனால அதுக்குப் பதில் பால் ஊத்திடாதீங்க.

இப்போ மாவைக் கொட்டி ஸ்பேட்டுலாவால அடியிலேருந்து மேல மடிச்சு விடுங்க. அடிக்கக் கூடாது, சுத்தக் கூடாது. வெள்ளை மாவு ஆங்காங்க லேசா தெரியும்போதே நிறுத்துங்க, மிச்சம் ஆப்பிள் போடும்போது கலந்துடும். இன்னும் நல்லா வரட்டும்னு கை வலிக்கக் கலக்குறவங்க லோஃப்தான் ரப்பரா வரும், மைதாவுல ஈரம் பட்டு கலக்கக் கலக்க குளூட்டன்கிற புரதம் இழுவை கட்டிக்கும், பரோட்டாவுக்கு அது வேணும், இதுக்கு வேணாம். பதம் இட்லி மாவை விட ஒரு சுத்து கெட்டியா இருக்கும், ஸ்பேட்டுலாவைத் தூக்கினா தொப்புன்னு விழணும், ஒழுகக் கூடாது.

இந்த இடத்துல ஆப்பிளை எடுங்க. தோல் சீவி வெட்டி, தனியா எடுத்து வச்ச அந்த ஒரு டேபிள்ஸ்பூன் மாவும் மிச்ச அரை டீஸ்பூன் பட்டைத்தூளும் போட்டுப் பிரட்டுங்க. இந்த மாவுப் பூச்சுதான் ஆப்பிள் விடுற தண்ணியை அங்கயே பிடிச்சு வைக்கும். ஆப்பிள் போடுறதுக்கு முன்னாடி கலந்து வச்ச மாவுல மூணுல ஒரு பங்கை டின் அடியில பரப்பிடுங்க, மிச்ச மாவுலதான் ஆப்பிளைச் சேத்து மேல போடணும். இப்படி பண்ணா துண்டு எல்லாம் அடியில போய் உக்காராது, அடி ஈரமாகாது, டின்லேருந்து தூக்கும்போது பிஞ்சும் வராது. டெமராரா, பட்டைத்தூள் கலந்து மேல தூவி ஓவனுக்குள்ள தள்ளுங்க.

வெந்துச்சா இல்லையா

55லேருந்து 65 நிமிஷம் ஆகும். முதல் முப்பத்தஞ்சு நிமிஷம் கதவைத் திறக்காதீங்க, சின்ன ஓவன்ல ஒரு தடவை திறந்தாலே சூடு மொத்தமா இறங்கிடும், பாதி எழும்பின நடு அப்படியே உக்காந்துடும். நாப்பதாவது நிமிஷம் பாருங்க, மேல ஏற்கனவே நல்ல நிறம்னா அலுமினியம் ஃபாயிலை லேசா மேல போட்டு மூடுங்க. நடுவுல நீளமா வெடிச்சிருந்தா பயப்படாதீங்க, லோஃப்னா அப்படித்தான்.

டெஸ்ட் பண்ண சாத்தே குச்சி (இறைச்சி கோத்து சுடுற மூங்கில் குச்சி) பெஸ்ட், நீளமா இருக்கும், அடி வரைக்கும் போகும், டூத்பிக் பாதி வழியிலயே நின்னுடும். நடுவுல குத்துங்க. ஈரமா வந்தா உடனே முடிவு பண்ணாதீங்க, குச்சி ஆப்பிள் துண்டுல குத்தியிருக்கலாம், அதனால பக்கத்துல இன்னும் ரெண்டு இடத்துல குத்திப் பாத்து, ஒட்டினதை விரல்ல தேய்ங்க: பிசுபிசுன்னு பேஸ்ட் மாதிரி இழுத்தா வேகாத மாவு, வெறும் ஈரமா வழுக்கினா ஆப்பிள் ஜூஸ். மாவுன்னா இன்னும் எட்டு நிமிஷம் வச்சுட்டு மறுபடி குத்துங்க. இறைச்சிக்குக் குத்துற தெர்மாமீட்டர் வீட்டுல இருந்தா இந்தக் குழப்பமே வேணாம், நடுவுல 96லேருந்து 98 டிகிரி காட்டினா வெந்தாச்சு. கொஞ்சம் ஜாஸ்தி வெந்துடுமோன்னு கவலைப்பட வேணாம், எண்ணெயும் ஆப்பிளும் இருக்குற லோஃப் அஞ்சு நிமிஷம் கூட நின்னாலும் காயாது, அஞ்சு நிமிஷம் முன்னாடி எடுத்தாதான் வம்பு.

எடுத்ததும் டின்லயே பதினஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேணாம், ஆவி வெளிய போக வழியில்லாம டின் அடியில தண்ணியா மாறி லோஃபை நனைக்கும். பேப்பரைப் பிடிச்சுத் தூக்கி கம்பித் தட்டுல வைங்க, தட்டு இல்லன்னா ஓவன் ரேக்கே போதும். பேப்பரையும் உரிச்சுடுங்க. அப்புறம் ஒன்றரை மணி நேரமாவது வெட்டாதீங்க, சூடா வெட்டினா நல்லா வெந்த லோஃப் கூட உள்ள பச்சையா இருக்கிற மாதிரி ஒட்டும், ஆறும்போதுதான் உள் கட்டமைப்பு கெட்டியாகுது. வீட்டுல பசங்க இருந்தா இந்த ஸ்டெப்தான் கஷ்டம், ராத்திரி பேக் பண்ணிட்டு காலையில வெட்டுங்க, பட்டை வாசமும் அப்போதான் நல்லா இறங்கியிருக்கும்.

முட்டை சேக்காதவங்க, ஓவன் இல்லாதவங்க

முட்டை வேணாம்னா ரெண்டு முட்டைக்கு பதிலா கெட்டித் தயிர் இன்னும் 100 கிராம், சோடாவை அரை டீஸ்பூனா ஆக்குங்க, ஆப்பிளை 200 கிராமா குறைங்க, ஏன்னா பிடிச்சு வைக்க முட்டை இல்ல. சர்க்கரையை தயிர், எண்ணெயோட சேத்துக் கரைச்சுட்டு மாவைப் போடுங்க. கொஞ்சம் கனமா வரும், முழுசா ஆறினப்புறம் வெட்டுங்க, புரட்டாசியில இதுவே போதும்.

ஏர் ஃப்ரையர்ல பண்றவங்க பாதி அளவு எடுத்து 6 இன்ச் வட்ட டின்லயோ மஃபின் கப்லயோ ஊத்துங்க, 150 டிகிரி, வட்ட டின்னுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் வாக்குல, மஃபினுக்கு பதினெட்டுலேருந்து இருபது. மேல சீக்கிரம் செவக்கும், ஃபாயில் போட்டா டின் விளிம்புல இறுக்கமா மடிச்சு விடுங்க, சும்மா மேல வச்சா உள்ள இருக்குற விசிறிக் காத்துல பறந்து போய் கம்பியில ஒட்டிக்கும், அது ஆபத்து.

எப்படி வைக்கிறது

இந்த ஊர்ல வெளிய ஒரு நாள், அவ்வளவுதான், அதுவும் மூடின டப்பாவுல, எறும்பு எப்படி பத்தாவது மாடி வரைக்கும் ஏறி வருதுன்னு தெரியாது ஆனா வரும். மேல தூவின சர்க்கரை மறுநாள் மொறுமொறுப்பு போய் பிசுபிசுக்கும், சர்க்கரை காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற சாமான், அதைத் தடுக்க முடியாது, விருந்தாளி வர்ற அன்னிக்கே பேக் பண்ணா மட்டும்தான் மொறுமொறு. ஃப்ரிட்ஜ்ல நாலு அஞ்சு நாள் தாங்கும். அதுக்கு மேல வேணும்னா முழுசா ஆறினப்புறம் ஸ்லைஸ் போட்டு, ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் நடுவுல பேக்கிங் பேப்பர் வச்சு, ஜிப் பையில காத்தை அமுக்கி எடுத்துட்டு ஃப்ரீசர்ல போட்டுடுங்க, ரெண்டு மாசம் நல்லா இருக்கும். வேணும்போது எடுத்து நேரா டோஸ்டர் ஓவன்ல 150ல ஏழெட்டு நிமிஷம் வைங்க, மைக்ரோவேவ்ல வச்சா ஈரம் மறுபடி மேல ஏறி நசநசன்னு ஆகிடும்.